சமகால ரஷ்யக் கலையும் தொலைக்காட்சியும்: ஒரு மதிப்பீடு

சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகள் தொடங்கி அண்மைக்காலம் வரை ரஷ்யாவில் இயங்கிய ஓவியர்கள், நிறுவல் கலைஞர்கள், நிகழ்த்துகலைஞர்கள் ஆகியோரைப் பற்றித் தொலைக்காட்சியில் வந்த சில நிகழ்ச்சிகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். ரஷ்யா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் நிகழ்ச்சிகள் இதில் பேசப்படுகின்றன. இது முழுமையான பட்டியல் அன்று. மாணவர்கள் இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடியவையும், பார்த்தபின் விவாதிக்கத் தக்கவையுமான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு ரஷ்யக் கலை என்பது புத்தகங்களின் வழியே வந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் குறைந்த விலைக்கு வாங்கினோம். தடித்த அட்டை, வழவழப்பான தாள், உள்ளே வண்ணப் படங்கள். அந்தப் படங்களை வரைந்தவர்கள் யார், வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின் தமக்காக அவர்கள் என்ன வரைந்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. வரலாற்று ஆசிரியராக ரஷ்யப் புரட்சிப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியபோதும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பின் இணையத்தில் பழைய நிகழ்ச்சிகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகே தோன்றியது.

முன்கதையாக இரண்டு நிகழ்வுகளைச் சொல்லிவிட வேண்டும். 1962 டிசம்பர் 1 அன்று மாஸ்கோவின் மனேஷ் அரங்கில் நடந்த கண்காட்சிக்கு வந்த குருஷ்சேவ், அங்கிருந்த புதுப்பாணி ஓவியங்களைக் கண்டு கடுஞ்சொற்களால் திட்டினார். சிற்பி எர்னஸ்ட் நெயிஸ்வெஸ்த்னி அவரோடு நேருக்கு நேர் வாதாடினார். பின்னாளில் குருஷ்சேவின் கல்லறைச் சின்னத்தைக் கருப்பும் வெள்ளையுமான கல்லில் செய்து கொடுத்தவரும் அதே நெயிஸ்வெஸ்த்னிதான். இரண்டாவது, 1974 செப்டம்பர் 15. அரசின் ஓவியர் சங்கத்தில் இடம் கிடைக்காத ஓவியர்கள், ஆஸ்கார் ராபின் முன்னின்று நடத்த, மாஸ்கோவின் பெல்யாயெவோ பகுதியில் ஒரு காலி மனையில் தம் ஓவியங்களைக் காட்ட முயன்றார்கள். புல்டோசர்களும் தண்ணீர் வண்டிகளும் வந்து அதைக் கலைத்தன. அங்கே வெளிநாட்டு நிருபர்கள் இருந்ததால் செய்தி உலகெங்கும் போயிற்று. இரண்டு வாரம் கழித்து இஸ்மாய்லோவோ பூங்காவில் சில மணி நேரக் கண்காட்சிக்கு அதிகாரிகளே அனுமதி தந்தார்கள். யார் பார்க்கிறார்கள், யார் வெளியே சொல்கிறார்கள் என்பதே அந்நாட்டில் ஒரு ஓவியரின் தலையெழுத்தை மாற்றக்கூடியதாக இருந்தது. தொலைக்காட்சியைப் பற்றிப் பேசும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காளான் நிகழ்ச்சி

1991 மே 17 அன்று லெனின்கிராத் தொலைக்காட்சியில் 'ஐந்தாம் சக்கரம்' என்ற நிகழ்ச்சியில் ஒரு நேர்காணல் ஒளிபரப்பாயிற்று. கேள்வி கேட்டவர் செர்கேய் ஷோலகோவ் என்ற பத்திரிகையாளர். பதில் சொன்னவர் செர்கேய் குர்யோகின். குர்யோகின் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், 'பாப் மெக்கானிக்கா' என்ற பெயரில் ஆடு மாடு முதல் ராணுவ வாத்தியக்குழு வரை மேடையேற்றிய விசித்திரமான கலைஞர். அன்று அவர் ஆராய்ச்சியாளரைப் போல அமர்ந்து, லெனின் ஒரு காளான் என்று நிறுவினார்.

வாதம் இப்படிப் போகிறது. மெக்சிகோவின் சுவரோவியங்களில் அக்டோபர் புரட்சியை ஒத்த காட்சிகளைக் கண்டதாகத் தொடங்குகிறார். அங்கிருந்து மயக்கம் தரும் செடிகளுக்கும் காளான்களுக்கும் வருகிறார். புரட்சித் தலைவர்கள் ஒருவகை நச்சுக் காளானைத் தொடர்ந்து உண்டார்கள், உண்டவரின் ஆளுமை மெல்ல மறைந்து காளானின் ஆளுமை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே லெனின் காளானாகிவிட்டார். இதற்குச் சான்றாக, லெனின் ஏறி நின்று பேசிய கவச வண்டியின் குறுக்குவெட்டுப் படத்தையும் மைசீலியம் எனப்படும் பூஞ்சை இழைப்பின்னலின் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். லெனின் என்ற பெயரைப் பின்னிருந்து படித்தால் வரும் சொல்லுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். முகத்தில் நெடுநேரம் சிரிப்பே இல்லை.

இதைப் பார்த்தவர்களில் பலர் நம்பினார்கள், அல்லது நம்புவதா வேண்டாமா என்று குழம்பினார்கள். கட்சியின் மூத்த உறுப்பினர்கள் சிலர் வட்டாரக் கட்சி அலுவலகத்துக்கே போய் விளக்கம் கேட்டதாகவும், லெனின் காளானாக இருக்க முடியாது, ஏனெனில் பாலூட்டி ஒன்று தாவரமாக முடியாது என்று அங்கிருந்த அம்மையார் பதில் சொன்னதாகவும் ஷோலகோவ் பின்னாளில் ஒரு கதை சொல்லிவந்தார். கதை கொஞ்சம் கூட்டிச் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம். அறிவியல் ஆசிரியர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள்: காளான் தாவரமும் அன்று.

மக்கள் ஏன் நம்பினார்கள்? அக்காலத்தில் சோவியத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஏதாவது ஒரு மறைக்கப்பட்ட உண்மை வெளிவந்துகொண்டிருந்தது. சுடப்பட்டவர்களின் பட்டியல், எரிக்கப்பட்ட ஆவணம், புதைக்கப்பட்ட கிராமம். நேற்று வரை பொய் என்றது இன்று மெய்யாயிற்று. அந்தச் சூழலில் மேசை, அலமாரி, வரைபடம், 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்' என்ற தொனி எல்லாம் சேர்ந்து வந்தால் எதையும் மறுப்பது கடினம். மானிடவியலாளர் அலெக்செய் யுர்சக் இந்த நிகழ்ச்சியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ரஷ்யர்கள் 'ஸ்த்யோப்' என்று சொல்லும் கேலிமுறை இதில் இருப்பதை அவர் காட்டுகிறார். கேலி செய்பவர் தாம் கேலி செய்யும் பொருளோடு முழுவதுமாக ஒன்றிப்போய்விடுவார். அவர் போற்றுகிறாரா பழிக்கிறாரா என்று பார்ப்பவருக்கு விளங்காது. நம் ஊர் வஞ்சப்புகழ்ச்சி அணி இதற்கு அருகில் வரும், ஆனால் ஒன்றன்று. வஞ்சப்புகழ்ச்சியில் கேட்பவருக்கு உள்நோக்கம் தெரிந்துவிட வேண்டும். ஸ்த்யோப்பில் தெரியாமல் இருப்பதே கலை.

இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்போடு ஒரு சங்கடமும் வந்தது. குர்யோகின் கையாண்ட உத்திகள் அனைத்தும் வகுப்பறையில் நான் கையாண்டவை. சுவரில் ஒரு படம், கையில் ஒரு குச்சி, 'இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன?' என்ற கேள்வி, பதிலுக்குக் காத்திராமல் நானே சொல்லும் பதில். ஒருமுறை பாடத்தில் ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டேன். ஐம்பது பிள்ளைகளும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பாடநூலில் சரியான ஆண்டு அவர்கள் முன்னால் திறந்தே இருந்தது. மறுநாள் நானே சொல்லித் திருத்தும்வரை ஒருவரும் கேட்கவில்லை.

கலைஞரைப் பற்றிய நிகழ்ச்சி என்று இதை வகைப்படுத்த முடியாது. நிகழ்ச்சியே கலைப்படைப்பு. தொலைக்காட்சியின் அதிகாரம் எதனால் ஆனது என்பதை அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து காட்டிய படைப்பு. இறுதிப் பகுதியில் இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பும் ஒளிபரப்பில் இருந்தது. சிரித்தபின்னும் சிலர் நம்பினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லாமற்போயிற்று. குர்யோகின் 1996 இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார்.

கொள்ளைத் தொலைக்காட்சி

அதே நகரில், ஏறக்குறைய அதே காலத்தில், ஓவியர் திமூர் நோவிக்கவ், ஒளிப்பதிவாளர் யூரிஸ் லெஸ்னிக், விளாதிஸ்லாவ் மாமிஷெவ்-மன்ரோ ஆகியோர் 'பைரேட் தொலைக்காட்சி' என்ற ஒன்றை நடத்தினார்கள். 1989 இல் தொடங்கியது. அதற்கு ஒளிபரப்புக் கோபுரமும் உரிமமும் கிடையாது. வீட்டுக் கேமராவில் வி.எச்.எஸ். நாடாவில் பதிவு செய்து, நண்பர்கள் வீட்டில் போட்டுப் பார்ப்பார்கள். கலைச்செய்திகள், நேர்காணல்கள், குறுநாடகங்கள் எல்லாம் இருந்தன. மன்ரோ மேரிலின் மன்ரோவாக வேடமிட்டு வருவார். புகழ்பெற்றவர்களின் சாவைப் பற்றிய தொடர் ஒன்றில் ஹிட்லர் முதல் கென்னடி வரை வந்து போனார்கள்.

படத்தின் தரம் மோசம். ஒலி அதைவிட மோசம். சில பகுதிகள் நண்பர் குழாத்துக்கு மட்டுமே புரியும் நகைச்சுவை, வெளியாருக்குச் சலிப்பூட்டும். ஆனாலும் கலைஞர்கள் தம்மைப் பற்றித் தாமே எடுத்த முதல் 'தொலைக்காட்சி' என்ற வகையில் இது முக்கியமானது. பிற்காலத்தில் பெரிய நிறுவனங்கள் எடுத்த எந்த ஆவணப்படத்திலும் இல்லாத ஒரு நெருக்கம் இதில் உண்டு. மன்ரோ பின்பு 1938 ஆம் ஆண்டின் 'வோல்கா வோல்கா' படத்தில் நடிகை லுபோவ் ஓர்லோவாவின் முகத்துக்குப் பதிலாகத் தம் முகத்தையும் குரலையும் பொருத்திய படத்தில் பங்கேற்றார். ஸ்டாலினுக்கு மிகவும் பிடித்த படம் அது. அந்த முயற்சிக்கு 2007 இல் கந்தீன்ஸ்கி பரிசு கிடைத்தது. 2013 இல் பாலித் தீவில் அவர் இறந்தார்.

'குல்தூரா' அலைவரிசை

ரஷ்ய அரசின் பண்பாட்டு அலைவரிசையான 'குல்தூரா' 1997 நவம்பர் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. விளம்பரமே இல்லாத அலைவரிசை என்ற திட்டம். தொண்ணூறுகளின் ரஷ்யத் தொலைக்காட்சியை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். இசை, நாடகம், இலக்கியம் ஆகியவற்றில் அதன் பணியைக் குறை சொல்ல முடியாது. எர்மிதாஜ் அருங்காட்சியக இயக்குநர் மிகயில் பியத்ரோவ்ஸ்கி தாமே வழங்கிய 'என் எர்மிதாஜ்' போன்ற நிகழ்ச்சிகள் பொறுமையானவை, கற்றுத்தருபவை. அவர் அவசரப்படுவதில்லை. ஒரு பொருளைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கவும் அவருக்குத் தெரிகிறது.

சமகாலக் கலைக்கு வரும்போது இந்த அலைவரிசையின் இயல்பான மரியாதையே இடையூறாகிறது. கலைஞர் என்றால் மதிப்புக்குரியவர், மதிப்புக்குரியவர் என்றால் முதியவர் அல்லது மறைந்தவர். மெல்லிய பியானோ ஒலி, பழைய புகைப்படம், ஜன்னலோரம் அமர்ந்து நினைவுகூரும் நண்பர். இந்த அச்சில் 1994 நவம்பரில் நிர்வாணமாக நாயைப் போலச் சங்கிலியில் கட்டுண்டு மாஸ்கோத் தெருவில் போவோர் மீது பாய்ந்த ஓலெக் குலிக்கை எப்படி வார்ப்பது? வார்க்கலாம், இருபது ஆண்டு கழித்து, அவரும் முதியவரான பிறகு. அப்போது நாய் ஒரு இனிய நினைவாகிவிடும். மறைந்தபின் மாலை போடுவது நமக்கும் பழக்கமான வழக்கம்தான். ஆயினும் உயிரோடு இருக்கும் கலையைப் பற்றி ஒரு பண்பாட்டு அலைவரிசை அஞ்சுவதற்கு அது சமாதானமாகாது.

பி.பி.சி.யின் மூன்று மணி நேரம்

2009 இல் பி.பி.சி. நான்காம் அலைவரிசையில் ஆண்ட்ரூ கிரகாம்-டிக்சன் வழங்கிய 'ரஷ்யாவின் கலை' மூன்று பகுதிகளாக வந்தது. முதல் பகுதி திருவுருவ ஓவியங்களிலிருந்து தொடங்குகிறது, இரண்டாவது புரட்சிக்கு இட்டுச்செல்லும் நூற்றாண்டுகள், மூன்றாவது இருபதாம் நூற்றாண்டு. தொடர் அழகானது. வழங்குபவர் நன்றாகப் பேசுகிறார். தேவாலயத்தின் இருட்டில் ஒரு திருவுருவத்தின் முன் நின்று அவர் விளக்கும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

குறை மூன்றாம் பகுதியில். ஒரு மணி நேரத்துக்குள் புரட்சிக்கால முன்னோடிகள், ஸ்டாலின் கால மெட்ரோ நிலையங்கள், சோஷலிச யதார்த்தவாதம், சோவியத்தின் சரிவு, அதன்பின் வந்தவை எல்லாம் அடங்க வேண்டும். ஆண்டிறுதியில் பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியரின் நிலை. கடைசிப் பாடம் எப்போதும் ஒரு பீரியடில் முடிந்துவிடும். எனக்கு இது நன்றாகவே தெரியும். அதன் விளைவாக, ரஷ்யாவின் உயிருள்ள கலைஞர்கள் ஆயிரம் ஆண்டுக் கதையின் பின்குறிப்பாக வருகிறார்கள். வெளிநாட்டுப் பார்வையாளருக்கு மனத்தில் நிற்பது தங்கக் குவிமாடமும் பனியும்தான். ஜான் பெர்ஜரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1972 இல் அதே பி.பி.சி.க்காக 'பார்க்கும் முறைகள்' தொடரை நான்கே பகுதிகளில் வழங்கியவர் அவர். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1969 இல், உயிரோடிருந்த ரஷ்யச் சிற்பி நெயிஸ்வெஸ்த்னி ஒருவரைப் பற்றி மட்டும் ஒரு முழு நூல் எழுதியிருந்தார். ஒரே ஒரு கலைஞரை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போனால் ஒரு நாட்டின் நிலையே தெரியவரும் என்பதற்கு அந்த நூல் சான்று. தொலைக்காட்சிக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

இதே 2009 இல் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் 'சாட்சியின் பள்ளி' என்ற போட்டி நிகழ்ச்சி வந்தது. இளம் பிரித்தானியக் கலைஞர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வென்றவரின் படைப்பு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எர்மிதாஜில் நடந்த கண்காட்சியில் இடம்பெற்றது. சேகரிப்பாளர் சார்ல்ஸ் சாட்சி கேமரா முன் தோன்றவே இல்லை. ரஷ்யாவின் முதன்மையான அருங்காட்சியகம் அதில் ஒரு பரிசுப்பொருளாக வருகிறது. அந்த ஊரில் அப்போது இயங்கிய கலைஞர்களைப் பற்றி அறிந்துகொள்ள அதில் வழியில்லை.

கபக்கோவின் தாழ்வாரம்

இல்யா கபக்கோவ் 1933 இல் இன்றைய உக்ரைனில் உள்ள நகரில் பிறந்தவர், 2023 இல் மறைந்தார். சோவியத் காலத்தில் அவருடைய தொழில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது. நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களுக்கு வரைந்திருக்கிறார். நான் முதலில் சொன்ன கேள்விக்கு விடை இவரிடம் இருக்கிறது. பகலில் பதிப்பகம் கேட்டபடி முயலும் வீடும் வரைந்தவர், தம் மாடி அறையில் யாரும் வாங்காத, யாரும் காட்டாத வேறொரு கலையைப் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தார். பல குடும்பங்கள் ஒரே சமையலறையையும் ஒரே கழிவறையையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக் குடியிருப்பு அவருடைய பெரிய பொருள். அப்படிப்பட்ட அறையிலிருந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு விண்வெளிக்குப் பறந்துபோன மனிதனைப் பற்றிய நிறுவல் புகழ்பெற்றது. 1992 இல் ஜெர்மனியின் காசெல் நகரக் கண்காட்சியில் ஒரு பொதுக் கழிப்பறையைக் கட்டி, அதனுள் ஒரு குடும்பம் வாழ்வதுபோல மேசையும் கட்டிலும் வைத்தார்.

அவரையும் அவர் மனைவி எமிலியாவையும் பற்றி ஏமி வாலக் இயக்கிய 'உள்ளே வருக' என்ற ஆவணப்படம் 2013 இல் வெளியானது. திரையரங்குக்காக எடுக்கப்பட்டதுதான், ஆனாலும் தொலைக்காட்சி ஆவணப்படங்களோடு வைத்துப் பார்க்க உகந்தது. 2008 இல் மாஸ்கோவில் நடந்த அவர்களுடைய பெரிய கண்காட்சியைச் சுற்றிப் படம் நகர்கிறது. இதன் உயிர் கபக்கோவின் தாயார் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. மகன் கேட்டதற்காக முதிய வயதில் எழுதிக் கொடுத்தது. பசி, வீடின்மை, மகன் படித்த பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பட்ட பாடு என்று எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

கபக்கோவ் இந்தக் குறிப்பை 1990 இல் ஒரு நிறுவலாக்கினார். மங்கிய விளக்கெரியும் நீண்ட தாழ்வாரம், கூட்டுக் குடியிருப்பின் நடைவழியைப் போன்றது. சுவர்களில் தாயாரின் எழுத்தும் பழைய புகைப்படங்களும் சட்டமிட்டுத் தொங்குகின்றன. நடந்துகொண்டே படிக்க வேண்டும். திருப்பத்துக்குப் பின் திருப்பம். எங்கிருந்தோ ஓர் ஆண் குரல் மெல்லப் பாடுவது கேட்கும். அது கபக்கோவின் குரல்.

இதைக் கேமரா எப்படிக் காட்டும்? தாழ்வாரத்தில் கேமரா வழுக்கிக்கொண்டு போகிறது. நமக்குக் கால் வலிக்கவில்லை. படிக்க நின்றால் பின்னால் வருபவருக்கு வழிவிட வேண்டிய கூச்சம் இல்லை. இவ்வளவு நீளமா, திரும்பிவிடலாமா என்ற எண்ணமும் வரவில்லை. அந்தத் தாயின் வாழ்க்கை முடியாமல் நீண்டது என்பதை உடம்பால் உணரச் செய்வதற்காகத்தான் தாழ்வாரம் அவ்வளவு நீளம். அது படத்தில் இரண்டு நிமிட அழகிய காட்சியாகிவிடுகிறது. இயக்குநருக்கு இது தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் தாயாரின் சொற்களுக்குப் படத்தில் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார். தாழ்வாரத்தின் நீளத்துக்கு ஈடாகக் குரலின் நீளம். இந்தக் கட்டுரையில் பேசப்படும் படங்களுள், கலைஞரின் படைப்பைக் காட்ட இயலாது என்று ஒப்புக்கொண்டு வேறு வழி தேடியது இது ஒன்றுதான். மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதையே என்பேன்.

ஒரு நிமிடமும் இரண்டு தொலைக்காட்சிகளும்

ஒரு சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். நிகழ்த்துகலை என்றால் நமக்குத் தெருக்கூத்து, பாவைக்கூத்து, வில்லுப்பாட்டு நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது ஓவியக்கலையிலிருந்து பிரிந்து வந்த பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட். கலைஞர் தம் உடம்பையே பொருளாக்கி, பெரும்பாலும் பொது இடத்தில், ஒருமுறை மட்டும் செய்வது. ரஷ்யாவில் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1976 முதல் அந்திரேய் மொனஸ்தீர்ஸ்கியின் 'கூட்டுச் செயல்கள்' குழு மாஸ்கோவுக்கு வெளியே பனிவயல்களில் சில நண்பர்கள் முன்னிலையில் மிக அமைதியான நிகழ்வுகளைச் செய்தது. முப்பதாண்டு கழித்து வந்த 'வொய்னா' குழு அமைதியானது அன்று. 2010 ஜூனில் பீட்டர்ஸ்பர்க்கின் தூக்குப்பாலம் ஒன்றில், பாதுகாப்புத் துறைக் கட்டடத்துக்கு நேர் எதிரே எழும்படி, ஆபாசமான உருவம் ஒன்றை வரைந்தது. மாணவர்கள் படிக்கும் பக்கம் என்பதால் இதோடு விடுகிறேன். வேடிக்கை என்னவென்றால், அதற்கு 2011 இல் அரசு ஆதரவு பெற்ற கலைப்பரிசே கிடைத்தது.

வொய்னாவில் இருந்த நதேஷ்தா தொலகோன்னிகோவா பின்னர் 'புஸ்ஸி ரயட்' குழுவில் சேர்ந்தார். 2012 பிப்ரவரி 21 அன்று அக்குழுவின் பெண்கள் வண்ண முகமூடி அணிந்து மாஸ்கோவின் இரட்சகர் கிறிஸ்து பேராலயத்தில், புதினை அகற்றுமாறு அன்னை மரியாவை வேண்டும் பாடலைப் பாடத் தொடங்கினார்கள். ஒரு நிமிடத்துக்குள் காவலர்கள் வெளியேற்றிவிட்டார்கள். உலகம் பார்த்த காணொளி வேறு. அதில் இன்னொரு தேவாலயத்தில் முன்பே எடுத்த காட்சிகளும் பின்னர் சேர்த்த இசையும் உண்டு. அதாவது படைப்பு என்பது பேராலயத்தில் நடந்தது மட்டுமன்று, வெட்டி ஒட்டிய அந்தக் காணொளியும்தான். மூன்று பெண்கள் கைதானார்கள்.

அரசின் ரோசியா அலைவரிசையில் 2012 ஏப்ரலில் அர்கதி மாமந்தோவ் 'தூண்டிவிடுவோர்' என்ற நிகழ்ச்சியை வழங்கினார். நடந்தது ரஷ்யாவுக்கும் திருச்சபைக்கும் எதிராக ஏவிவிடப்பட்ட செயல் என்பது அதன் வாதம். பின்பு செப்டம்பரிலும் அக்டோபரிலும் தொடர்ச்சிகள் வந்தன. ஆண்டுவரிசையைக் கவனியுங்கள். விசாரணை தொடங்கியது ஜூலை 30. தீர்ப்பு வந்தது ஆகஸ்ட் 17, மூவருக்கும் இரண்டாண்டுச் சிறை. நிகழ்ச்சி வந்தது ஏப்ரலில். சிறையில் விசாரணைக்குக் காத்திருந்த பெண்களைப் பற்றி நாடு முழுதும் பார்க்கும் அலைவரிசை தன் தீர்ப்பை மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டது. கலை விமர்சனத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வழிபாட்டு இடத்தில் இப்படிச் செய்தது தவறு என்று பலர் நினைத்தார்கள், கோயிலுக்குப் போகும் பழக்கமுள்ள எனக்கும் அந்த மனவருத்தம் புரிகிறது. ஆனால் வருந்துவது வேறு, பூட்டிவைக்கப்பட்டவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் ஒளிவிளக்கு போட்டுக் குற்றம் சாட்டுவது வேறு. குர்யோகின் சிரித்துக்கொண்டு காட்டிய அதே கருவிகள் இங்கே மீண்டும் வருகின்றன: வல்லுநர்கள், வரைபடம் போன்ற தொடர்புகள், உறுதியான குரல். இம்முறை யாரும் கடைசியில் சிரிக்கவில்லை.

அமெரிக்காவின் எச்.பி.ஓ. 2013 ஜூனில் ஒளிபரப்பிய 'புஸ்ஸி ரயட்: ஒரு பங்க் பிரார்த்தனை' மைக் லெர்னரும் மாக்சிம் பொஸ்தரோவ்கினும் எடுத்தது. இது நேர்மையான படம். நீதிமன்றக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மூவரையும் நீண்ட நேரம் பார்க்க விடுகிறது. பெற்றோர் பேசும் இடங்கள் படத்தின் சிறந்த பகுதிகள். மகளின் பிடிவாதத்தை நினைத்து வருந்துவதும் பெருமைப்படுவதும் ஒரே முகத்தில் தெரியும். 'வைதிகம் அல்லது மரணம்' என்று எழுதிய கருப்புச் சட்டை அணிந்த எதிர்த்தரப்பினரையும் படம் பேச விடுகிறது.

எனக்குள்ள குறை வேறு. இந்தப் படமும் அவர்களைக் கலைஞர்களாகப் பார்ப்பதைவிடப் போராளிகளாகவே பார்க்கிறது. மொனஸ்தீர்ஸ்கியின் பனிவயலிலிருந்து பேராலயம் வரை வந்த வழி படத்தில் இல்லை. வொய்னா காலம் முன்கதை அளவில் நின்றுவிடுகிறது. தொலகோன்னிகோவா தம் இறுதி உரையில், 1920களின் பிற்பகுதியில் லெனின்கிராதில் இயங்கிய ஒபெரியு கவிஞர்களை, சிறப்பாக அலெக்சாந்தர் வ்வேதென்ஸ்கியை, தம் குழுவின் ஆசான்களாகச் சொல்கிறார். பொருளற்றது போல் தோன்றும் கவிதை எழுதி, கைதாகி, 1941 இல் காவலில் இறந்தவர் அவர். ஒரு கலைஞர் கூண்டுக்குள் நின்று தம் மரபை இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது, அந்த மரபு என்ன என்று பார்வையாளருக்குக் காட்டுவதுதானே ஆவணப்படத்தின் வேலை? மாமந்தோவுக்கு அவர்கள் எதிரிகள், எச்.பி.ஓ.வுக்கு வீராங்கனைகள். இரண்டுமே அந்தக் காணொளியை ஒரு படைப்பாக எடுத்து, எது எங்கே எடுக்கப்பட்டது, ஏன் அப்படி வெட்டப்பட்டது, பாட்டில் வழிபாட்டு இசையும் பங்க் இசையும் எப்படிக் கலக்கின்றன என்று உட்கார்ந்து பார்க்கவில்லை.

ரஷ்யாவுக்குள் அத்தகைய பேச்சுக்கு ஓரளவு இடம் தந்தது 2010 இல் தொடங்கிய 'தோஷ்த்' என்ற தனியார் அலைவரிசை. தோஷ்த் என்றால் மழை. 2014 தொடக்கத்தில் கேபிள் நிறுவனங்கள் அதை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 2022 மார்ச்சில் நாட்டுக்குள் அதன் ஒளிபரப்பு நின்றது, இப்போது வெளிநாட்டிலிருந்து இணையத்தில் இயங்குகிறது.

'பங்க் பிரார்த்தனை' படம் 2013 டிசம்பர் இறுதியில் மாஸ்கோவின் கோகல் நாடக மையத்தில் திரையிடப்பட இருந்தது. மேல்முறையீட்டில் முன்பே வெளிவந்திருந்த சமுத்செவிச்சைத் தவிர மற்ற இருவரும், தொலகோன்னிகோவாவும் அல்யோகினாவும், அதற்குச் சில நாள் முன்புதான் பொதுமன்னிப்பில் விடுதலையாகியிருந்தார்கள். நகரப் பண்பாட்டுத் துறை திரையிடலைத் தடுத்துவிட்டது. மையத்தின் இயக்குநர் கிரில் செரெப்ரென்னிகோவ் அந்தத் தடைக் கடிதத்தை இணையத்தில் வெளியிட்டார்.